பத்தரை மணிப் பரோட்டா

வாசகர் கடிதம்: களியக்காவிளையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மனைவிக்கு 41 வயது, எடை 84 கிலோ. வயிறு மந்தம் என்று அடிக்கடி சொல்வதால் திருவனந்தபுரத்தில் முழு உடல் பரிசோதனை செய்தோம். காலை 7 மணிக்கு வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் பித்த அமிலம் 17. பத்துக்குள் இருக்க வேண்டுமாம். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு. இத்தனைக்கும் அவள் சாப்பிடுவது கொஞ்சம்தான். நான் கடை பூட்டி, அவளுக்குப் பிடித்த பரோட்டாவும் பீஃப் ரோஸ்டும் வாங்கிக்கொண்டு பத்தரைக்கு வந்த பிறகுதான் சாப்பிடவே உட்காருவாள். அவ்வளவு பாசம். மாதம் 8 கிலோ குறைக்கும் பொடி ஒன்றைச் சகலை கொடுத்திருக்கிறார். கொடுக்கலாமா? என்ன பத்தியம் வைக்கலாம்?

பதில்: தம்பி, உங்கள் மனைவி மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்? நீங்கள் எழுதவில்லை. தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். ஒன்றரை என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பத்தரைக்கு ஒன்பது மணி நேரம். இடையில் சாயா, ஏத்தங்காய் உப்பேரி, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தது. இதையெல்லாம் எந்த வீட்டிலும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால்தான் "கொஞ்சம்தான்" என்று உங்களால் எழுத முடிகிறது. பிறகு பதினொரு மணிக்குப் பரோட்டா, உடனே படுக்கை. இதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். "நீ சாப்பிட்டுவிடு" என்று ஒரு நாளாவது அழுத்திச் சொன்னதுண்டா?

அந்த 17-க்கு வருவோம். கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்துதான் பித்த அமிலம் செய்கிறது. அது பித்தப்பையில் சேர்ந்திருக்கும். கொழுப்புள்ள உணவு குடலுக்கு இறங்கியதும் பை சுருங்கி ஊற்றும். வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைசிப் பகுதி நூற்றில் 95 பங்கை உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பும். வியாபாரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் என்னவோ சில கிராம்தான், அதையே தினமும் பல சுற்று விடுகிறது கல்லீரல். திரும்பி வருவதில் அது பிடிக்கத் தவறியதுதான் ரத்தத்தில் ஓடுகிறது. லேப் அளந்தது அந்தச் சிந்தலை.

சாப்பிட்டால் அது ஏறும். பதினொன்றுக்குக் கை கழுவியவரிடம் காலை ஏழுக்கு ரத்தம் எடுத்தால் எட்டு மணி நேர இடைவெளி, அதுவும் எண்ணெயில் ஊறிய ரோஸ்டுக்குப் பிறகு. எடை கூடி, இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், கல்லீரலில் கொழுப்பும் படிந்தவர்களுக்கு வெறும் வயிற்றிலேயே அளவு கூடியிருப்பது உண்டு. ஆக, அந்த 17-ல் உடம்பின் பங்கு எவ்வளவு, உங்கள் பார்சலின் பங்கு எவ்வளவு? அந்த ஒரு தாளை வைத்துச் சொல்ல முடியாது. இரவு ஏழரைக்குச் சாப்பிடச் செய்து மறுநாள் காலை மறுபடி எடுங்கள். உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு, கண்ணில் மஞ்சள், சிறுநீர் கறுத்து மலம் வெளுப்பது, இதில் எது இருந்தாலும் அதுவரை பொறுக்காமல் மருத்துவரிடம் போங்கள். மந்தம் என்கிறாரே, ஸ்கேனில் பித்தப்பை எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள்.

பொடியைச் சகலையிடமே கொடுத்துவிடுங்கள். மாதம் 8 கிலோ என்றால் வாரம் 2 கிலோ. ஒன்றரைக்கு மேல் போனாலே பித்தப்பைக் கல்லுக்கு வாய்ப்பு கூடும். உடம்புக் கொழுப்பு கரையக் கரைய பித்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறும், கொழுப்பு உள்ளே போகாததால் பை சுருங்காமல் கிடக்கும், தேங்கிய பித்தத்தில் கல் கட்டும். நாற்பது தாண்டிய, பருமனான பெண்ணுக்கு அந்த ஆபத்து ஏற்கெனவே அதிகம். வாரம் அரைக் கிலோ குறைந்தால் போதும்.

தனிப் பத்தியம் எதற்கு? சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு, முருங்கைக்கீரைத் தோரன், தேங்காய் குறைத்து அரைத்த மீன்கறி. உங்கள் ஊரில் இல்லாததா? பயறிலும் காயிலும் உள்ள நார் பித்த அமிலத்தில் கொஞ்சத்தை மலத்தோடு இழுத்துப் போகும். ஈடுகட்டக் கல்லீரல் கொலஸ்ட்ராலை எடுத்துப் புதிதாகச் செய்யும். ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் இறங்க அதுவும் ஒரு வழி. மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, வைக்கிற அன்று சோறு வேண்டாம்.

புருஷன் வரும்வரை என் அம்மாவும் காத்திருந்தவர்தான். ஆனால் அப்பா விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்துவிடுவார். பத்து மணி வரை கடை திறந்து வைக்கிறவர்களுக்காக ஏற்பட்ட வழக்கமல்ல அது. கணவனுக்குப் பரிமாறுவது மனைவியின் கடமை என்று நம்புகிறவள்தான் நானும். மூடி வைத்த சோற்றை எடுத்துப் போட்டுக்கொள்ளக் கணவனுக்கும் கை இருக்கிறது என்பதையும் நம்புகிறேன்.

எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கப் பாருங்கள். அதற்கு மேல் வருவது தீப்பெட்டியும் கொசுவத்தியும்தான். முடியாதென்றால், இன்று ஏழரைக்குக் கடையிலிருந்து போன் செய்து சாப்பிடச் சொல்லுங்கள். "நீங்க வரட்டும்" என்பார். தட்டு எடுத்து வைக்கிற சத்தம் கேட்கும்வரை போனை வைக்காதீர்கள்.