கல்லூரி விடுதியில் இருந்துகொண்டு சத்தாகச் சாப்பிடும் ஊக்கத்தை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது?

வாரத்தின் முதல் நாள் எடுக்கும் உறுதி மூன்றாம் நாளே கரைந்துவிடுகிறது, விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டே நல்ல உணவுப் பழக்கத்தைத் தொடர என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு ஆண்டுகள் விடுதியில் இருந்தவன், அவற்றில் முதல் இரண்டு ஆண்டுகளை ஏறக்குறைய இதே கேள்வியோடு கழித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஊக்கத்தை எப்படியாவது பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற முயற்சியை விட்டுவிட்டு, ஊக்கமே இல்லாத நாளிலும் ஓரளவு சரியாகச் சாப்பிடும்படி அறையையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்திக்கொண்ட பிறகுதான் எனக்கு மாற்றம் வந்தது.

இரண்டாம் ஆண்டின் நடுவில் ஒரு வாரம் முழுவதும், எத்தனை மணிக்கு, எந்த நிலையில் சாப்பிட்டேன் என்பதைப் பாட நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வந்தேன். செவ்வாய்க்கிழமைக்கு நேரே எழுதிய வரி இன்னும் நினைவில் இருக்கிறது: "காலை இல்லை. மதியம் பாதித் தட்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இரவு 11.40, பிஸ்கட் பாக்கெட் முழுவதும், நின்றுகொண்டே." வியாழனும் வெள்ளியும் பெரிதாக வேறுபடவில்லை. அதுவரை இரவு நேரத்தில் மனக்கட்டுப்பாடு போதவில்லை என்றே என்னை நான் கடிந்துகொண்டிருந்தேன்; அந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான், நள்ளிரவில் நடந்ததற்கான வித்து காலையிலேயே விழுந்துவிட்டது என்பது புரிந்தது. பகல் முழுவதும் அரைவயிறாக வைத்திருந்த உடலிடம், இரவில் நிதானமாகத் தேர்ந்தெடுத்துச் சாப்பிடு என்று சொன்னால் அது எப்படிக் கேட்கும்? நீங்களும் எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் இப்படி எழுதிப் பாருங்கள். கலோரிக் கணக்கு வேண்டாம். மணியும் அப்போதைய நிலையும் போதும்.

விடுதியில் காலை உணவு தவறுவதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. மெஸ் மூடும் நேரத்துக்கும் முதல் வகுப்புக்கும் இடையில் இருக்கும் சில நிமிடங்களில் குளிப்பதா, சாப்பிடுவதா என்ற போட்டியில் எப்போதும் சாப்பாடுதான் தோற்கிறது. நான் செய்தது மிகச் சிறிய காரியம்: இரவு படுக்கும் முன் ஒரு வாழைப்பழத்தையும் ஒரு கைப்பிடி வறுத்த கடலையையும் ஒரு சிறு டப்பாவில் போட்டு, பையின் மேல், அறைச் சாவிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். பையை எடுக்காமல் அறையை விட்டு வெளியேற முடியாது. டப்பாவை எடுக்காமல் பையை எடுக்க முடியாது. மெஸ்ஸில் சாப்பிட நேரம் கிடைத்த நாளில் அந்த டப்பா மாலைக்கு உதவியது. எப்படியானாலும் காலையில் யோசிப்பதற்கு எதுவும் இல்லாமல் போனது, அதுவே பெரிய விடுதலையாக இருந்தது.

பழக்கம் ஒட்டிக்கொள்ள எவ்வளவு நாளாகும் என்பதிலும் நமக்குத் தவறான எதிர்பார்ப்பு இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-இல் அச்சில் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கத் தொடங்கும் நிலையை எட்டுவதற்கு நடுவாக 66 நாள் ஆகிறது என்றும், ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடும் என்றும் கணக்கிட்டார்கள். மூன்றாம் வாரத்தில் இன்னும் சிரமமாக இருக்கிறதே என்று நீங்கள் சோர்ந்துபோனால், சோர்வதற்கான நேரமே இன்னும் வரவில்லை என்று பொருள். அதே ஆய்வில், இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை என்பதும் தெரியவந்தது. நண்பரின் பிறந்தநாளில் நிறையச் சாப்பிட்டுவிட்டு, இந்த வாரம் போய்விட்டது, இனி அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று மீதி நான்கு நாட்களையும் கைவிடுவது என் வழக்கமாக இருந்தது. இந்தச் செய்தியை முன்பே அறிந்திருந்தால் எத்தனையோ வாரங்களைக் காப்பாற்றியிருப்பேன்.

அடுத்தது மேசை இழுப்பறை. பாக்கெட்டில் வரும் நொறுக்குத் தீனி, உடனடி நூடுல்ஸ் போன்றவற்றை அறையில் வைத்துக்கொண்டு அளவோடு சாப்பிடலாம் என்று நான் நம்பியது பலிக்கவில்லை. அதற்கு என் பலவீனம் மட்டுமே காரணமல்ல என்பதை 2019-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு விளக்கியது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் அவ்வாறு பதப்படுத்தாத உணவும் தந்தார்கள். பரிமாறப்பட்ட உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, விருப்பம்போல் சாப்பிடலாம் என்று விட்டபோது, பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். அதைப் படித்த பிறகு, இழுப்பறையில் இருப்பதோடு ஒவ்வோர் இரவும் போராடுவதைவிட அதை வாங்காமல் இருப்பது எளிது என்று முடிவெடுத்தேன். பசி வந்தால் சாப்பிட ஏதாவது கட்டாயம் இருக்க வேண்டும். ஆகவே இழுப்பறையைக் காலியாக விடாமல் பழமும் கடலையும் உலர்திராட்சையும் வைத்தேன். எப்போதாவது நொறுக்குத் தீனி வேண்டும் என்று தோன்றினால் கீழே இறங்கிப் போய் ஒரே ஒரு பாக்கெட் வாங்கிக்கொள்வேன். பாதி நாள் படியிறங்க மனம் வராது.

குளிர்பானத்தைப் பற்றி ஒரு வரி: 330 மில்லி கோலா கேன் ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாள் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவே சேர்க்கைச் சர்க்கரையிலிருந்து வர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை; 2,000 கலோரி உண்பவருக்கு அது ஏறக்குறைய 50 கிராம். கேன் ஒன்றிலேயே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது.

உணவைப் பற்றிப் பேசும்போது பலரும் விட்டுவிடும் ஒன்று தூக்கம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை வைத்துச் செய்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்க அனுமதித்தபோது, போதும் என்று உணர்த்தும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 விழுக்காடு குறைந்திருந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 விழுக்காடு கூடியிருந்தது. பத்து மணி நேரம் படுத்த நாட்களோடு ஒப்பிட்டுச் சொன்ன அளவு இது. தேர்வு வாரத்தில் உங்கள் உறுதி உடைவது ஏன் என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. இரவு ஒரு மணி வரை கண்விழித்துப் படித்துவிட்டு, ஏன் கட்டுப்பாடு இல்லை என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். அந்த வாரத்தில் உணவைவிட உறக்கத்தைச் சரிசெய்வதுதான் முதல் வேலை.

மெஸ் சாப்பாடு நம் கையில் இல்லை என்பது உண்மைதான், ஆனால் அதை எந்த வரிசையில் தட்டில் எடுப்பது என்பது நம் கையில் இருக்கிறது. காய்கறியை முதலில் எடுத்துக்கொண்டு பிறகு மற்றவற்றுக்குப் போனால், தட்டில் அதற்கு இடம் கிடைத்துவிடுகிறது. கடைசியில் எடுத்தால் ஓரத்தில் ஒரு கரண்டிதான் நிற்கும். நாளொன்றுக்குக் காயும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை ஒரே வேளையில் எட்ட முடியாது, மூன்று வேளைக்குப் பிரித்தால் எட்டிவிடலாம். காய் நன்றாக இல்லை என்றால் மெஸ் குழுவிடம் எழுதிக் கொடுங்கள். எங்கள் மாடியில் பதினைந்து பேர் கையெழுத்திட்டு, வாரம் மூன்று நாள் பழம் வேண்டும் என்று கேட்டோம், கிடைத்தது.

தனியாக இதைச் செய்யாதீர்கள் என்றும் சொல்வேன். பக்கத்து அறை நண்பன் காலையில் கதவைத் தட்டி, வா, மெஸ் மூடப்போகிறார்கள் என்று அழைத்ததுதான் என்னை அதிக நாள் சாப்பிட வைத்தது. அதற்காக நண்பர்கள் வெளியே சாப்பிடப் போகும்போது மறுத்துவிட்டு அறையில் உட்கார வேண்டியதில்லை; சேர்ந்து போங்கள், மகிழ்ச்சியாகச் சாப்பிடுங்கள், மறுநாள் காலை டப்பாவை வழக்கம்போல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எடையை ஊக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள். நான் வைத்துக்கொண்டேன், ஒரு கிலோ ஏறிய வாரமெல்லாம் வேளைகளைத் தவிர்த்தேன், நோட்டில் இருந்த அந்த இரவு 11.40 அதன் நீட்சிதான். மதியம் மூன்று மணி வகுப்பில் தலை சாயாமல் இருக்கிறதா, மாலையில் எரிச்சல் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இவை சில நாட்களிலேயே தெரியத் தொடங்கும். உணவைப் பற்றிய எண்ணமே நாள் முழுவதும் மனதை ஆட்டிப்படைத்தால், சாப்பிட்டதற்குத் தண்டனையாகப் பட்டினி கிடக்கத் தோன்றினால், சாப்பிட்டதை மறைக்கத் தொடங்கினால், அது ஊக்கம் பற்றிய கேள்வியாக இல்லாமல் உடல்நலம் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. அப்போது கல்லூரி ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ தயங்காமல் போய்ப் பேசுங்கள். தேர்வு முடியட்டும் என்று அதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.