கரால்: பாலையும் கடலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். பண்டைய நாகரிகங்கள் பாடத்தில் வரும் எகிப்து, மெசபடோமியா, சிந்து, சீனம் நான்குமே பேராற்றங்கரைகள். பெருவின் கடற்கரையில் கரால் என்ற தொல்நகரம் இருந்ததாக நீங்கள் முன்பு இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, “மழையே பெய்யாத ஊரில் எதைத் தின்று பிரமிடு கட்டினார்கள், டீச்சர்?” என்று கேட்டாள். எனக்குச் சரியாக விளக்க வரவில்லை. எகிப்தியர்கள் கப்பலில் போய்க் கட்டியதாக யூடியூபில் பார்த்தேன் என்றான் இன்னொரு மாணவன். எழுத்தும் மட்பாண்டமும் இல்லாத ஒன்றை நாகரிகம் என்று சொல்லலாமா என்பது என்னுடைய சந்தேகம்.

ச., நாகப்பட்டினம்

அன்புள்ள ச.,

தொல்லியலாளர்கள் வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைத்தான் உங்கள் மாணவி கேட்டிருக்கிறாள். பதிலைக் கடலிலிருந்து தொடங்க வேண்டும்.

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி, தெற்கிலிருந்து வடக்காக ஹம்போல்ட் நீரோட்டம் ஓடுகிறது. அங்கே கரையோரமாக வீசும் தென்காற்று மேல்நீரைக் கரையைவிட்டு அப்பால் தள்ள, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலேறி வருகிறது. அதன் மேல் கிடக்கும் காற்றும் குளிர்ந்து கனத்துவிடுவதால் எழும்புவதில்லை. மேகம் திரண்டு மழையாக வழியில்லை. கிழக்கே அமேசான் பக்கமிருந்து வரும் ஈரத்தை ஆண்டிஸ் மலை மறித்துக்கொள்கிறது. பெருவின் தலைநகரான லிமா கடலோர நகரம்தான், மாதக்கணக்கில் மூடுபனியும் உண்டு. ஆனால் அங்கே ஓர் ஆண்டின் மொத்த மழை இரண்டு சென்டிமீட்டரைத் தொடுவது அபூர்வம்.

ஆழத்திலிருந்து வரும் அதே நீர் உரச்சத்தையும் கொண்டுவருகிறது. அதனால் கடலில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, அவற்றைத் தின்று நெத்திலி பெருகுகிறது. 1970இல் மட்டும் பெருவின் மீனவர்கள் பிடித்த நெத்திலி ஏறக்குறைய 1.2 கோடி டன். நிலத்தை வறளவைத்த குளிர்தான் கடலை நிறைத்தது. மாணவர்கள் இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

1975இல் மைக்கேல் மோஸ்லி என்ற அமெரிக்கத் தொல்லியலாளர், பெருவின் கடற்கரையில் பெரிய சமூகங்கள் உருவாக மீன்வளமே அடிப்படை என்று எழுதினார். தானிய விவசாயம் இல்லாமல் நாகரிகம் இல்லை என்று நம்பியவர்களால் அதை ஏற்க முடியவில்லை. பிறகு 1990களில் ரூத் ஷாடி என்ற பெரு நாட்டு ஆய்வாளர், சூப்பே ஆற்றுப் பள்ளத்தாக்கில் கடலிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் கராலைத் தோண்டத் தொடங்கினார். அங்கே பிரமிடு போன்ற கல்மேடைகளின் உள்ளே நிரப்பியிருந்தவை கோரைப்புல்லால் பின்னிய பைகள், அவற்றுக்குள் கற்கள். கட்டடம் எழுப்பிய காலத்தில் அறுத்த புல் என்பதால் அதை வைத்துக் காலம் கணிக்க முடிந்தது. 2001இல் வெளியான கணிப்பு கி.மு. 2600 அளவைச் சொன்னது. கிசாவின் பெரிய பிரமிடு எழுந்த காலமும் ஏறக்குறைய அதுவே.

உள்நாட்டில் இருந்த கராலின் குப்பையில் கிடைத்தவை நெத்திலி, மத்தி முள்கள். வயலில் அவர்கள் பயிரிட்டவற்றில் பருத்திக்குத் தனி இடம் உண்டு. சூப்பே ஆறு கடலில் சேரும் இடத்தில் ஆஸ்பெரோ என்ற மீனவர் ஊர் இருந்தது. மீனவர்களுக்கு வலைக்குப் பருத்தி நூல் வேண்டும், வலை மிதக்கச் சுரைக்குடுக்கை வேண்டும். உள்ளே இருந்த கரால்காரர்களுக்கு மீன் வேண்டும். நெத்திலியைக் காயவைத்தால் வெகுநாள் கெடாது, எத்தனை தூரமும் சுமந்து போகலாம் என்பதை நாகப்பட்டினத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் மாணவிக்கான பதில் இதுதான்: கடலில் பிடித்த மீனையும், மலையில் பெய்த மழை ஆறாக இறங்கி வந்து விளைவித்த சர்க்கரைவள்ளி, பீன்ஸ், பூசணி, கொய்யாவையும் தின்றுதான் கட்டினார்கள்.

இதில் மறுப்பும் உண்டு. மக்காச்சோளம் நினைத்ததைவிட முக்கியமாக இருந்தது என்று ஜோனதன் ஹாஸ், வினிஃப்ரெட் க்ரீமர் இருவரும் மகரந்தச் சான்றுகளோடு வாதிட்டார்கள். அது உண்மையாகவே இருந்தாலும், வலை வழியாகக் கடலையும் வயலையும் கட்டிய அந்த ஏற்பாடுதான் கராலின் உயிர் என்பது என் எண்ணம்.

எகிப்தியர் கதையை வகுப்பிலேயே மறுத்துவிடுங்கள். கராலின் மேடைகள் கல்லறைகள் அல்ல. உச்சி தட்டையானது, ஏறிப்போகப் படிகள் உண்டு, சிலவற்றின் முன்னால் நிலத்தைப் பள்ளமாக்கி அமைத்த வட்ட முற்றமும் உண்டு. இந்த முற்றத்தையும் புல்பைக் கட்டுமானத்தையும் எகிப்தில் தேடினாலும் கிடைக்காது. அந்த மண்ணின் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து பார்த்துக் கண்டடைந்ததை யாரோ கப்பலில் வந்தவர்களுக்கு எழுதிவைப்பது அவர்களிடமிருந்து திருடுவதுதான். நம் முன்னோர் போய்க் கட்டினார்கள் என்று யாராவது பெருமையோடு கிளம்பினாலும் இதையே சொல்வேன்.

எழுத்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். கராலுக்கு நாலாயிரம் ஆண்டுகள் கழித்து வந்த இன்காக்கள் எழுத்தே இல்லாமல், முடிச்சுக் கயிறுகளில் கணக்கு வைத்து ஒரு பேரரசை ஆண்டார்கள். கராலில் பானை இல்லை. ஆனால் பெலிக்கன், காண்டார் பறவைகளின் எலும்பில் செய்த 32 குழல்கள் ஒரே இடத்தில் கிடைத்தன. கோட்டைச் சுவரோ போரின் தடயமோ கிடைக்கவில்லை. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து கட்டி, சேர்ந்து இசைத்து வாழ்ந்தவர்களை எந்தத் தயக்கமும் இல்லாமல் நாகரிகம் என்றே சொல்லுங்கள். நம் பட்டியல்தான் குறுகலானது.

கராலுக்குப் பின்னும் அந்தக் கரை ஓயவில்லை. வடக்கே மோச்சே என்ற மக்கள் கோடிக்கணக்கான பச்சைச் செங்கற்களால் சூரியக் கோயிலை எழுப்பினார்கள். பின்னர் ஸ்பானியர்கள் தங்கத்துக்காக ஆற்றையே அதன் மேல் திருப்பிவிட்டு, பெரும்பகுதியைக் கரைத்தார்கள். அடுத்து வந்த சிமு அரசின் மண்நகரமான சான் சானை 1470 அளவில் இன்காக்கள் பிடித்தார்கள். அதன் சுவர்களில் மீனும் கடற்பறவையும் வலைக்கண்ணும் இன்றும் புடைப்பாக நிற்கின்றன. 1986இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த கையோடு, ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்தது.

அந்த ஆபத்தில் பெரியது எல் நினோ. சில ஆண்டுகளில் குளிர்நீர் மேலேறுவது தளர்ந்து வெதுவெதுப்பான கடல்நீர் கரைக்கு வரும். அப்போது நெத்திலி அகன்றுவிடும், பாலையில் மழை கொட்டும், மண்சுவர் கரையும். கராலின் முடிவிலும் நிலநடுக்கத்தோடு எல் நினோ வெள்ளத்துக்கும் பங்கிருந்தது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

இந்த எல் நினோ நம் தென்மேற்குப் பருவமழையையும் பல சமயம் கெடுக்கும். 1876-78இன் தாது வருடப் பஞ்சம் அதற்குச் சாட்சி. 1877இல் பருவமழை பொய்த்ததற்குப் பசிபிக்கில் அப்போது உருவான மிக வலுவான எல் நினோ முக்கியக் காரணம். மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போதும் தானிய ஏற்றுமதியை நிறுத்தாத ஆங்கிலேய அரசின் பங்கையும் சேர்த்தே சொல்லுங்கள். பஞ்சப் பாடத்தை நடத்தும் நாளில் பெருவின் வரைபடத்தையும் கரும்பலகையில் வரையுங்கள்.