விமானமும் மண்ணெண்ணெயும்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெட்ரோலியம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மகன் குடும்பத்தோடு மெல்பர்னில் இருக்கிறான், ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகிறான். எண்ணெய் அருகிப் போனால் இந்த வரவு என்ன ஆகும்? காருக்குப் பேட்டரி வந்ததுபோல விமானத்துக்கும் வந்துவிடும் என்கிறான் அவன். நம்பலாமா? மகள் வயிற்றுப் பேத்தி பிளஸ் டூ முடித்து விமானப் பொறியியல் படிக்க விரும்புகிறாள். அந்தத் துறை அவள் காலம் முழுக்க இருக்குமா என்று பயமாக இருக்கிறது.

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள ஐயா,

உங்கள் மகன் சொல்வதைப் பலரும் நம்புகிறார்கள். ஜெட் விமானத்தில் நிரப்புவது பெட்ரோல் அல்ல. ரேஷன் அட்டையும் தகர டின்னுமாக நாம் வரிசையில் நின்று வாங்கினோமே, அந்த மண்ணெண்ணெயின் நன்கு சுத்திகரித்த வடிவம். அதன் ஒரு கிலோவில் ஏறத்தாழ 12 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. இன்றைய நல்ல லித்தியம் பேட்டரியின் ஒரு கிலோவில் இருப்பது கால் யூனிட் அளவுதான். மின் மோட்டார் சிக்கனமானது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் இடைவெளி மலைக்க வைக்கிறது. காரின் கனத்தைத் தரை தாங்கிக்கொள்கிறது; விமானம் தன் கனத்தைத் தானே தூக்க வேண்டும். மண்ணெண்ணெய் எரிய எரிய விமானம் லேசாகும். பேட்டரியோ தீர்ந்த பிறகும் அதே கனம்தான். 2020-இல் ஐரோப்பாவில் முழுச் சான்றிதழ் பெற்ற மின்விமானமான பிபிஸ்ட்ரெல் வெலிஸ் எலக்ட்ரோவில் இருவர் அமரலாம், ஐம்பது நிமிடம் போலப் பறக்கலாம். பயிற்சிப் பள்ளிக்கு அது போதும், மெல்பர்னுக்குப் போதாது.

ஹைட்ரஜனும் புதிய யோசனை அல்ல. 1988-லேயே சோவியத் நாட்டில் டூபோலெவ் 155 திரவ ஹைட்ரஜனைக் கொண்டு பறந்தது. ஆனால் அதை மைனஸ் 253 டிகிரியில் வைத்திருக்க வேண்டும், மண்ணெண்ணெயைப் போல நான்கு மடங்கு இடமும் வேண்டும். 2035-இல் ஹைட்ரஜன் விமானம் தருவதாகச் சொன்ன ஏர்பஸ், 2025-இல் அந்தத் திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டது.

எண்ணெய் கிணற்றுநீர்போல ஒருநாள் வற்றி நின்றுவிடாது. முதலில் விலை ஏறும். ஒலியைவிட வேகமாகப் பறந்த கன்கார்ட் விமானத்துக்கு நடந்தது அதுதான். ஏறத்தாழ நூறு பேரை ஏற்றிச் செல்ல அதன் தொட்டிகளில் 95 டன் எரிபொருள் கொள்ளும். 1973-இல் வாங்குவதாக இருந்த நிறுவனங்கள் பல விலகின; அந்த ஆண்டின் இறுதியில் எண்ணெய் விலை பல மடங்காக ஏறத் தொடங்கியதும் மிச்ச நம்பிக்கையும் போனது. கடைசியில் வாங்கியவை ஏர் பிரான்ஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் மட்டுமே. அப்படியும் அது 2003 வரை பறந்தது, பெரும் பணக்காரர்களுக்காக.

என்னை உறங்கவிடாமல் செய்வது தாவர எண்ணெய்க் கதை. 2003-இல் நம் திட்டக் குழு உயிரி டீசலுக்காகக் காட்டாமணக்கு பயிரிடப் பரிந்துரைத்தது. தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், ஆடு கடிக்காது என்றார்கள். என் மாமா இரண்டு ஏக்கரில் நட்டார். ஆடு கடிக்கவில்லை என்பது உண்மை. தண்ணீர் இல்லாமல் செடி உயிரோடு நின்றது, காய்க்க மட்டும் இல்லை. வாங்குவதாகச் சொன்ன நிறுவனம் மூன்றாம் ஆண்டு ஊரிலேயே இல்லை. வேரோடு பிடுங்கக் கொடுத்த கூலி, நட்டபோது கொடுத்ததைவிட அதிகம். 2018-இல் சத்தீஸ்கர் விவசாயிகள் தந்த காட்டாமணக்கு விதையெண்ணெயைக் கலந்து டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஸ்பைஸ்ஜெட் விமானம் பறந்தபோது ஊரே கைதட்டியது. நான் மாமாவின் நிலத்தைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பழைய சமையல் எண்ணெயிலிருந்தும் விமான எரிபொருள் எடுக்கலாம். 2023-இல் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு விமானம் பெரும்பாலும் இப்படிக் கழிவு எண்ணெய், கொழுப்பிலிருந்து எடுத்த எரிபொருளைக் கொண்டே பறந்தது. உலகின் வடைச்சட்டிகளை எல்லாம் கவிழ்த்தாலும் அந்த எண்ணெய் எத்தனை விமானத்துக்குக் காணும்? 2024-இல் இத்தகைய மாற்று எரிபொருள் அனைத்தும் சேர்ந்தே உலக விமான எரிபொருளில் 0.3 சதவீதம்தான். மீதிக்கு நிலம் கேட்பார்கள். நிலம் என்றால் யாருடைய நிலம் என்று நாம் இப்போதே கேட்டாக வேண்டும்.

நிலக்கரியிலிருந்தும் எடுக்கலாம். எண்ணெய்க்கு வழியின்றித் தவித்த தென்னாப்பிரிக்கா, சாசோல் என்ற நிறுவனத்தின் ஆலைகளில் அதைச் செய்து காட்டியது. ஜோகன்னஸ்பர்க்கில் அந்த எரிபொருளைக் கலந்து விமானங்கள் பறந்திருக்கின்றன. அதனால்தான் எண்ணெய் தீர்ந்தால் விமானம் நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை. எண்ணெயைவிட மோசமான கரியைக் கொண்டும் பறக்க வைப்பார்கள் என்பதே என் அச்சம். காற்றிலிருந்து கரியமில வாயுவையும் நீரிலிருந்து ஹைட்ரஜனையும் பிரித்துச் சேர்த்து மண்ணெண்ணெய் செய்யும் வழி ஒன்று உண்டு. அதுதான் நேர்மையான வழி. ஆனால் கிடைக்கும் ஆற்றலைப்போல இரண்டு மடங்குக்கு மேல் மின்சாரத்தைச் செலவிட வேண்டும். அந்த மின்சாரமும் சூரியனிலிருந்தோ காற்றிலிருந்தோ வர வேண்டும். டிக்கெட் விலை எங்கே நிற்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

உங்கள் மகன் வருவான். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை என்பது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆகலாம். அவனைவிட, துபாயிலும் தோஹாவிலும் கட்டடம் கட்டும் நம் பிள்ளைகளை எண்ணித்தான் எனக்குக் கலக்கம். அப்பா இறந்த செய்தி வந்த இரவே ஊருக்குப் புறப்பட முடிகிறது என்றால், அது மலிவான மண்ணெண்ணெய் தந்த வசதி. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ரஜூலா கப்பல் ஓடிய காலத்தில் பயணமே ஒரு வாரம் ஆகும். கொள்ளி வைக்க வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர்?

பேத்தி தாராளமாகப் படிக்கட்டும். கூடவே வேதியியலை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். இறக்கையையும் எஞ்சினையும் வடிவமைக்க ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். தொட்டியில் எதை ஊற்றுவது என்பதற்குத்தான் ஆள் தேவை.

அன்புடன்.