வாசகர் கேள்வி–பதில்: பாஸ்டன் பிரவுன்ஸ்டோனில் ஒரு சின்ன காண்டோ

பாஸ்டனின் பேக் பே, சவுத் எண்ட் பகுதிகளில் பழைய வரிசை வீடுகளைப் பிரித்து விற்கும் சிறிய காண்டோக்கள் (கட்டடத்தில் தனித்தனியாகச் சொந்தம் கொள்ளும் வீடுகள்) பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே. சவுத் எண்டில் பெரும்பாலானவை செங்கல் கட்டடங்கள். வாசல் படியும் ஜன்னல் விளிம்பும்தான் பழுப்புக் கல். பேச்சில் எல்லாவற்றையும் பிரவுன்ஸ்டோன் என்றே சொல்வதால் நாங்களும் அப்படியே எழுதுகிறோம்.

சவுத் எண்டில் 540 சதுர அடி காண்டோ ஒன்று பிடித்திருக்கிறது. மொத்தம் ஐந்து வீடுகள். உள்ளே எல்லாம் புதுசு. மாதக் கட்டணம் 220 டாலர்தான். மற்ற இடங்களில் 500, 600 கேட்கிறார்கள். நல்ல வாய்ப்புதானே?
– வாசகி, குயின்சி

கட்டணம் குறைவு என்றதும் எங்களுக்குக் கவலைதான் வருகிறது. ஐந்து வீடும் ஒரே கட்டணம் கட்டுவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். வருடத்துக்கு 13,200 டாலர். கட்டடத்தின் மாஸ்டர் இன்ஷூரன்ஸ், தண்ணீர் பில், மாடிப்படி விளக்கு, பனி அள்ளும் கூலி எல்லாம் போனபின் கூரைக்கும் கல்லுக்கும் என்ன மிஞ்சும்? அநேகமாக ஒன்றுமில்லை. எடுத்து வைக்காத பணத்தைத்தான் ஒருநாள் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் என்று மொத்தமாகக் கேட்பார்கள். அந்த நாளில் சொந்தக்காரர் நீங்களாக இருப்பீர்கள்.

எவ்வளவு கேட்பார்கள் என்பதை முன்கூட்டியே ஓரளவு கணக்கிடலாம். மாஸ்டர் டீடில், அதாவது காண்டோ கட்டடத்தின் மூல ஆவணத்தில், உங்கள் வீட்டின் பங்கு சதவீதமாக எழுதியிருக்கும். 14 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கூரை வேலை 40,000 டாலர் என்றால் உங்கள் தலையில் 5,600. முகப்புக் கல் வேலை 1,20,000 என்றால் 16,800. அடித்தள வேலை 5,00,000 என்றால் 70,000. இந்த மூன்றும் கடைசியாக எப்போது நடந்தன, ரிசர்வில் (பொதுச் சேமிப்பில்) இன்று எவ்வளவு இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். உள்ளே போட்டிருக்கும் குவார்ட்ஸ் மேடை இந்தக் கணக்கில் வராது.

மாஸ்டர் டீட், டிரஸ்ட் பத்திரம், மூன்று வருட வரவு செலவு, கூட்டக் குறிப்புகள், இன்ஷூரன்ஸ் சான்று ஆகியவற்றை வக்கீல் படிக்க வேண்டும். ஐந்து வீட்டு அசோசியேஷனில் (சொந்தக்காரர்கள் சங்கத்தில்) கூட்டக் குறிப்பே இல்லாமல் இருப்பது சகஜம். அப்படியானால் சொந்தக்காரர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட மின்னஞ்சல்களைக் கேளுங்கள். கூரை ஒழுகல் பற்றிய உண்மை அங்கேதான் இருக்கும். மாசசூசெட்ஸ் காண்டோ சட்டம் 183ஏ-யின் கீழ் தரும் 6(டி) சான்று அந்த வீட்டுக்குப் பொதுக்கட்டண பாக்கி இல்லை என்று மட்டுமே சொல்லும். அடுத்த மாதம் வரப்போகும் அசெஸ்மென்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

மொட்டைமாடி மரத்தளம் மேல்வீட்டுக்காரருடையது என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. கூரையை மாற்ற அந்தத் தளத்தைக் கழற்றி மறுபடி பூட்ட வேண்டும். அந்தச் செலவு யாருடையது? மாஸ்டர் டீடில் தெளிவாக இல்லாவிட்டால் சண்டை நிச்சயம். உங்கள் சொந்த இன்ஷூரன்ஸ் பாலிசியில் அசெஸ்மென்ட் இழப்புக்கான பிரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேக் பேயில் பார்த்த கட்டடம் மரத்தூண்கள் மேல் நிற்கிறதாம். அழுகிவிடும் என்கிறார் நண்பர். தரகரோ “இங்கே எல்லாமே அப்படித்தான், பயப்படாதீர்கள்” என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், பிரைட்டன்

இருவர் சொல்வதும் உண்மைதான். பேக் பே முன்பு அலைநீர் ஏறி இறங்கிய சேற்றுநிலம். 1850களின் கடைசியில் தொடங்கி, நீதம் ஊரிலிருந்து ரயிலில் சரளை கொண்டுவந்து நிரப்பினார்கள். நிரப்பிய மண் பாரம் தாங்காது என்பதால் மரங்களை அடித்து இறக்கி, அவற்றின் தலையில் கருங்கல் பாளம் வைத்து, அதன்மேல் அடித்தளச் சுவர் எழுப்பினார்கள். காப்லி சதுக்கத்து டிரினிட்டி தேவாலயம் இப்படி ஏறக்குறைய 4,500 தூண்கள் மேல் நிற்கிறது.

நீரில் மூழ்கிய மரத்துக்குக் காற்று கிடையாது. காற்றில்லாமல் பூஞ்சை வளராது. அதனால்தான் அவை நூறு வருடம் தாண்டியும் நிற்கின்றன. நிலத்தடி நீர் இறங்கித் தூணின் தலை வெளியே தெரிந்தால் அங்கிருந்து அழுகல் தொடங்கும். நீர் ஏன் இறங்குகிறது? விரிசல் விட்ட பழைய கழிவுநீர்க் குழாய்களும் சுரங்கப்பாதைகளும் நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. மழைநீர் மண்ணுக்குள் போகாமல் சாக்கடைக்குப் போகிறது. இதனால்தான் இந்தப் பகுதிகளில் பெரிய கட்டட வேலை செய்பவர்கள் ஓர் அங்குல மழையையாவது மண்ணுக்குள் இறக்க வேண்டும் என்று நகரத்தின் மண்டல விதி கேட்கிறது.

நடைபாதையில் உள்ளங்கை அகல வட்ட இரும்பு மூடிகளைக் கவனித்திருப்பீர்கள். அவற்றில் பல நிலத்தடி நீரை அளக்கும் கிணறுகள். 1986-இல் அமைந்த பாஸ்டன் கிரவுண்ட்வாட்டர் டிரஸ்ட் இப்படி 800-க்கும் மேற்பட்ட கிணறுகளை அளந்து அளவுகளை இணையத்தில் போடுகிறது. உங்கள் கட்டடத்துக்குப் பக்கத்துக் கிணற்றைத் தேடி, கிடைக்கிற எல்லா வருட அளவுகளையும் பாருங்கள். சராசரியை விடுங்கள், மிகக் குறைந்த அளவுதான் முக்கியம். பேக் பேயில் தூண்களின் தலை பெரும்பாலும் நகர அளவுமட்டத்தில் (பாஸ்டனில் உயரங்களை அளக்கும் அடிப்படை மட்டம்) 5 அடி உயரத்தை ஒட்டி இருக்கும். அளவு அதற்குக் கீழே போயிருந்தால் எச்சரிக்கை.

ஒன்றைப் பலர் தவறவிடுகிறார்கள். நீர்மட்டம் இன்று நன்றாக இருப்பது பழைய அழுகலைச் சரிசெய்யாது. முப்பது வருடத்துக்கு முன் வறண்டு அழுகிய தலை, இன்று நீரில் மூழ்கியிருந்தாலும் அழுகிய தலைதான். அதனால் சோதனைக்குழி அறிக்கையைக் கேளுங்கள். அடித்தளத்தில் சுவரோரமாகத் தோண்டித் தூணின் தலையைத் திறந்து, பொறியாளர் ஊசிமுனையால் குத்திப் பார்ப்பார். முனை எவ்வளவு ஆழம் சுலபமாக இறங்குகிறதோ அவ்வளவும் போன மரம்.

பழுது பார்ப்பது என்றால், அழுகிய தலையை நீர்மட்டத்துக்குக் கீழே அறுத்தெடுத்து, அந்த இடத்தில் எஃகுத் தூண் நிறுத்திக் கான்கிரீட் ஊற்றுவது. சுவரைச் சிறு சிறு பகுதியாகத் தாங்கிக்கொண்டு கையால் தோண்டும் வேலை. ஒரு கட்டடத்துக்குப் பல லட்சம் டாலர் ஆகும். சாதாரண இன்ஷூரன்ஸ் தராது. பொதுச்சுவருக்குக் கீழே உள்ள தூண்கள் பக்கத்துக் கட்டடத்துக்கும் சொந்தம், ஆகவே அவர்கள் சம்மதமும் வேண்டும்.

எங்கள் கருத்து: ஏற்கெனவே தூண் வேலை முடித்து, முத்திரையிட்ட வரைபடத்தோடு இருக்கும் கட்டடத்துக்குக் கொஞ்சம் அதிகம் கொடுக்கலாம். அறிக்கையும் இல்லை, கிணற்று அளவும் தாழ்ந்திருக்கிறது என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

முகப்புக் கல் செதில் செதிலாக உரிகிறது. “ஒரு சீலர் (நீர் புகாமல் தடுக்கும் பூச்சு) அடித்தால் போதும்” என்கிறார் விற்பவர். போதுமா?
– வாசகி, மால்டன்

போதாது, கெடுதலும்கூட. இந்தக் கல் மணல் படிந்து இறுகிய மணற்கல். இரும்பு ஆக்சைடுதான் பழுப்பு நிறம். கிழக்குக் கடற்கரை நகரங்களுக்குப் போன கல்லில் பெரும்பகுதி கனெக்டிகட்டின் போர்ட்லேண்ட் கல்குவாரிகளிலிருந்து வந்தது. புத்தகத்தின் தாள்கள் போல அடுக்கடுக்காக இருக்கும். புத்தகத்தைப் படுக்க வைப்பது போலக் கல்லைச் சுவரில் வைத்தால் நிற்கும். அகலமான முகம் வேண்டும் என்று அன்று பல இடங்களில் நிமிர்த்தி ஒட்டிவிட்டார்கள். தாள்களுக்கு இடையே இறங்கும் தண்ணீர் குளிரில் உறைந்து விரிய, முன்தாள் கழன்று விழுகிறது. சீலர் அடித்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் பின்னாலேயே தங்கி, அடுத்த குளிர்காலத்தில் பெரிய தகடாகப் பிய்த்துக்கொண்டு வரும்.

மரச்சுத்தியலால் கல்லை மெல்லத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல கல் “ணங்” என்று கெட்டியாகப் பேசும். கழன்ற கல் பானையைத் தட்டியது போலப் பொள்ளென்று கேட்கும். முறையான வேலை என்றால் கெட்டிக் கல் வரும்வரை கொத்தி, விளிம்பை உட்குழிவாக வெட்டி, ஆழமான இடங்களில் துருப்பிடிக்காத எஃகு முளைகள் பதித்து, காரையை மெல்லிய அடுக்குகளாக ஏற்றி, கடைசி அடுக்கில் கல்லின் நிறம் சேர்த்து உளியால் வரி போட வேண்டும். ஒரே நாளில் இரண்டு அங்குலம் தடவினால் சுருங்கி விரிசல் விட்டு விழுந்துவிடும். 40 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே குளிர்ந்தால் வேலையை நிறுத்த வேண்டும்.

செங்கல் இணைப்புகளையும் கையோடு பாருங்கள். பழைய செங்கல் மிருது. அதற்குச் சுண்ணாம்புக் காரைதான் பொருந்தும். சாம்பல் நிற சிமென்ட் காரை பூசியிருந்தால், காரை வழியே போக வேண்டிய ஈரம் செங்கல் வழியே போய் அதன் முகம் உதிரும். வாசல் படியில் பனி உருக உப்பு கொட்டும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

தரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கோலிக்குண்டு வைத்தால் உருள்கிறது. ஆபத்தா?
– வாசகர், மெட்ஃபோர்ட்

150 வருடக் கட்டடத்தில் உருளாவிட்டால்தான் ஆச்சரியம். எந்தப் பக்கம் உருள்கிறது என்பதைப் பாருங்கள். இரு பொதுச்சுவர்களிலிருந்தும் நடுவை நோக்கி என்றால் பெரும்பாலும் உத்தரங்கள் வயதாகித் தொய்ந்ததும் படிக்கட்டுப் பக்கம் அமுங்கியதும்தான். சுவரை நோக்கிச் சாய்ந்தால் சுவர் இறங்குகிறதா, செங்கலுக்குள் செருகிய உத்தர முனை ஈரத்தில் அழுகியதா என்று பொறியாளர் பார்க்க வேண்டும். ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதோடு விரிசலின் உள்ளேயும் டார்ச் அடியுங்கள். உள்ளே பெயின்ட் படிந்திருந்தால் பழைய விரிசல். விளிம்பு கூர்மையாக, சுத்தமாக இருந்தால் புதிது.

குளியலறைக்குக் கீழேயும் சமையலறைக்குக் கீழேயும் இன்னொரு டார்ச் வேலை உண்டு: குழாய் போடுவதற்காக உத்தரத்தைப் பாதிக்கு மேல் வெட்டியிருப்பார்கள். காண்டோவாகப் பிரித்த காலத்தில் இப்படிப் பல கட்டடங்களைக் கெடுத்திருக்கிறார்கள்.

ஜன்னல்களை வினைல் ஜன்னலாக மாற்றலாமா?
– வாசகி, வாட்டர்டவுன்

தெருவைப் பார்க்கும் பக்கம் என்றால் அந்த எண்ணத்தை விடுங்கள். பேக் பேயில் 1966 முதலும் சவுத் எண்டில் 1983 முதலும் வெளிப்புற மாற்றங்களைப் பரிசீலிக்கும் ஆணையங்கள் இருக்கின்றன. முகப்பில் மரச்சட்டம், பழைய கண்ணாடிப் பிரிப்பு, பழைய அளவு இவற்றைத்தான் எதிர்பார்ப்பார்கள். வளைந்த முகப்பு வீட்டில் சட்டமும் சில இடங்களில் கண்ணாடியும் வளைந்தே இருக்கும். விலை பல மடங்கு. பழைய சட்டத்தைப் பழுதுபார்த்து, உள்பக்கம் ஒரு கூடுதல் கண்ணாடி போட்டால் குளிரும் சத்தமும் நன்றாகவே குறையும்.

முந்தையவர் அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால், திருத்தச் சொல்லும் உத்தரவு உங்களுக்கு வந்துசேரலாம். ஆணையத்தின் அனுமதிச் சான்றைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

கார்டன் லெவல் (பாதி தரைக்குக் கீழே இருக்கும்) வீடு விலை குறைவு. வாங்கலாமா?
– வாசகர், ஆல்ஸ்டன்

தரையோடு ஒட்டிய சுவரில் முழங்கால் உயரம் வரை கையை வைத்துத் தடவுங்கள். வெள்ளை உப்புப் பூத்திருந்தால் ஓதம் ஏறுகிறது. கன மழையில் கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா, முன்படிக்குக் கீழே உள்ள வடிகால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். புதிதாக ஜிப்சம் பலகை அடித்து வெள்ளையடித்திருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும். சுவரை ஒட்டிய அலமாரியின் பின்பக்கம் மோந்து பாருங்கள். பூஞ்சை வாசனையைப் பெயின்ட் மறைக்காது.

எங்களுக்கு மூன்று வயதுக் குழந்தை. ஈயப் பெயின்ட் பயம்.
– வாசகி, சோமர்வில்

நியாயமான பயம். 1978-க்கு முன் கட்டிய வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை வாழ்ந்தால் ஈய ஆபத்தை நீக்குவது மாசசூசெட்ஸ் சட்டப்படி சொந்தக்காரரின் கடமை. ஈயச் சோதனை செய்துகொள்ள வாங்குபவருக்கு 10 நாள் அவகாசம் உண்டு, அதை விட்டுக்கொடுக்காதீர்கள். ஏறி இறங்கும் ஜன்னல் சட்டம் உராயும் தூள்தான் முதல் எதிரி. பொது மாடிப்படியும் வெளிச்சுவரும் அசோசியேஷன் பொறுப்பு என்பதால் அவர்களிடமும் பேச வேண்டும். தெருவிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய் ஈயமா என்று நகரத் தண்ணீர் ஆணையத்தின் இணைய வரைபடத்தில் பார்த்துவிடலாம்.

சலவைக்கல் கணப்பில் தீ மூட்டலாமா?
– வாசகர், நியூட்டன்

புகைபோக்கிக்கு உள்ளுறை போட்டதற்கான சான்று இல்லாமல் கூடாது.

போட்டி அதிகம். இன்ஸ்பெக்ஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் வீடு கிடைக்கும் என்கிறார்கள்.
– வாசகி, குயின்சி

இனி அப்படிச் சொல்ல முடியாது. மாசசூசெட்ஸில் 2025 அக்டோபர் 15 முதல், சில விதிவிலக்குகள் தவிர, இன்ஸ்பெக்ஷனைக் கைவிட வேண்டும் என்று விற்பவர் நிபந்தனை போடக்கூடாது. கைவிடுவதாக முன்பே சொல்லும் ஆஃபரை ஏற்கவும் கூடாது.

ஆனால் இன்ஸ்பெக்டர் உங்கள் 540 சதுர அடியோடு திரும்பிவிட்டால் பயனில்லை. அடித்தளம், கூரை, பொதுப் படிக்கட்டு, மீட்டர் அறை எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்கி வையுங்கள். அவர் பார்க்க வேண்டியவை: கூரையில் ரப்பர் விரிப்பின் இணைப்புகள், கைப்பிடிச் சுவர், புகைபோக்கி ஓரத் தகடு. அடித்தளத்தில் பீங்கான் குமிழில் ஓடும் பழைய மின்கம்பி. அந்தக் கம்பி உயிரோடு இருந்தால் பல இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் முகம் திருப்பும். பழைய கட்டடம் அறிந்த கட்டமைப்புப் பொறியாளரையும் கூட்டிப் போங்கள்.

கடைசியாக, ஆஃபர் தாளை வெறும் முன்பதிவு என்று நினைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் முக்கிய நிபந்தனைகள் முழுமையாக இருந்தால் அதுவே ஒப்பந்தமாகும் என்று மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்திருக்கிறது. காண்டோ ஆவணங்களும் பொறியாளர் அறிக்கையும் திருப்தி தந்தால்தான் வாங்குவேன் என்ற வரியை வக்கீல் எழுதிச் சேர்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.