பத்ரிநாத் போகும்போது கோயில் தவிர சுற்றிப் பார்க்க, சாகசம் செய்ய என்ன இருக்கிறது?

சேலத்திலிருந்து காலாண்டு லீவில் குடும்பத்தோடு பத்ரிநாத் போகிறோம், அப்பாவுக்கு 68 வயது, பையன் பத்தாவது படிக்கிறான், தரிசனம் முடிந்தபின் அவனுக்கு என்ன இருக்கிறது, ஏற்காடு ஏறி இறங்கிய பழக்கம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பத்ரிநாத்தில் இரண்டு இரவு தங்குங்கள். ரப்பர் படகில் ஆற்றில் போகிற ராஃப்டிங் போன்றவற்றைத் திரும்பும் வழியில் ரிஷிகேஷில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது முக்கியமாக இந்த இரண்டும்தான்.

நம் ஊர்ப் பக்கம் போடுகிற பேக்கேஜ்களில் பெரும்பாலும் மாலையில் பத்ரிநாத் போய்ச் சேர்ந்து, அவசரமாகத் தரிசனம், விடிந்ததும் பெட்டியைக் கட்டு என்றுதான் இருக்கும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், பத்ரிநாத் 3,100 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவையும் மூச்சு வாங்காமல் நடந்தே ஏறுகிறவராக இருந்தாலும் அந்தப் பழக்கம் காலுக்குத்தான் உதவும், காற்றில் பிராணவாயு குறைவதற்கு உடம்பு பழக நேரம்தான் வேண்டும். போன அன்று தலை கனக்கும், பசிக்காது, சத்திரத்துப் படியேறினாலே மூச்சு இரைக்கும், மறுநாள் காலையில் கொஞ்சம் தெளிந்து ஊரைக் கண் திறந்து பார்க்கிற நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். அதனால் பத்ரிநாத்தின் இரண்டு இரவுக்கு முன்னால், போகும் வழியில் ஒரு இரவு ஜோஷிமட்டில் தங்குங்கள், அது 1,900 மீட்டர் வாக்கில், பத்ரிக்கு 45 கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது. அங்கே உள்ள நரசிம்மர் கோயிலையும் பார்த்துவிடலாம், குளிர்காலத்தில் பத்ரிநாதருக்கான பூஜை நடப்பது அங்கேதான். அப்பாவுக்கு பிரஷர், இதய நோய் ஏதாவது இருந்தால் கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், இதில் சமரசம் வேண்டாம்.

சரி, பத்ரிநாத்தில் அந்த இரண்டாவது நாளுக்கு வருவோம். விடியும் முன்பே எழுந்து வெளியே வாருங்கள். கோயிலுக்குப் பின்னால் நீலகண்ட சிகரம், 6,500 மீட்டருக்கு மேல். ஊர் முழுக்க இருட்டாக இருக்கும்போதே அதன் உச்சியில் மட்டும் வெயில் விழுந்து பொன்னாக மாறி, மெல்ல மெல்லக் கீழே இறங்கும். மேகம் இல்லாவிட்டால் கண்டிப்பாகப் பார்க்கலாம். அப்புறம் தப்த குண்டத்தில் குளியல். கை விறைக்கிற குளிரில் ஆவி பறக்கிற வெந்நீர் ஊற்று, எடுத்ததும் இறங்கினால் சுடும், முதலில் ஒரு சொம்பு காலில் ஊற்றிப் பழகிவிட்டு இறங்கச் சொல்லுங்கள். அப்பா நெடுநேரம் உள்ளே உட்கார வேண்டாம், தலை சுற்றும்.

குளித்துச் சாப்பிட்டு மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கிற மானா கிராமத்துக்குப் போங்கள், ஊர் வாசல் வரை வண்டி போகும். திபெத் எல்லைக்கு முன்னால் இருக்கிற ஊர், வாசலில் உட்கார்ந்து கம்பளி பின்னுகிற பெண்கள், கல் பாவிய சந்து, அதில் ஏறிப் போனால் கணேசர் குகை, வியாசர் குகை. வியாசர் சொல்லப் பிள்ளையார் பாரதம் எழுதிய இடம் இதுதான் என்பது அங்குள்ள நம்பிக்கை. அதைத் தாண்டி பீமன் பாலம். பாறைப் பிளவுக்குள்ளிருந்து சரஸ்வதி ஆறு பீறிட்டு வரும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது, சாரல் முகத்தில் அடிக்கும், கொஞ்ச தூரத்தில் அது அலக்நந்தாவில் கலந்துவிடுகிறது. குறுக்கே கிடக்கிற ஒரே பெரிய பாறைதான் பாலம், திரௌபதி கடப்பதற்காக பீமன் தூக்கிப் போட்டது என்பார்கள். அப்பா நின்று நின்று நடந்தால் இதுவரை வந்துவிடலாம்.

உங்கள் பையனுக்கான இடம் இதற்கு அப்பால் இருக்கிறது. பீமன் பாலத்தைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர் சொச்சம் நடந்தால் வசுதாரா அருவி. ஜிப்லைன், கயிறு எதுவும் கிடையாது, பாண்டவர்கள் சொர்க்கம் தேடிப் போனதாகச் சொல்லும் வழியில் இரண்டு பக்கமும் பனிமலை பார்த்துக்கொண்டே நடப்பதுதான், ஆனால் பத்தாவது படிக்கிற பையனுக்கு இதைவிடப் பெரிய சாகசம் அந்தப் பக்கத்தில் இல்லை என்பது என் எண்ணம். கிளியூர் அருவி போலப் பக்கத்தில் போய்க் குளிக்கிற அருவி இல்லை. அவ்வளவு உயரத்திலிருந்து விழுவதால் பாதித் தண்ணீரைக் காற்றே அள்ளிக்கொண்டு போய்விடும், கீழே நிற்பவர்கள் மேல் சில நேரம் தூறும், சில நேரம் ஒரு சொட்டும் விழாது, பாவம் செய்தவர் மேல் படாது என்று ஒரு கதையும் உண்டு. காலை எட்டு மணிக்குள் நடக்கத் தொடங்குங்கள், மதியத்துக்கு மேல் காற்றும் மேகமும் வந்துவிடும். மானாவைத் தாண்டினால் கடையை நம்ப முடியாது, தண்ணீரும் நம் ஊர்த் தட்டுவடையும் பையில் இருக்கட்டும்.

ஜோஷிமட்டுக்கு மேலே இருக்கிற ஆவுலியின் பனிச்சறுக்குப் படங்களைப் பார்த்துப் பையன் கேட்பான். பனி விழுவது ஜனவரி, பிப்ரவரியில், அப்போது பத்ரிநாத் நடை சாத்தியிருக்கும், இரண்டும் ஒரே பயணத்தில் நடக்காது. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் உள்வாங்கி வீடுகள் விரிசல் விட்டபோது ஆவுலி ரோப் காரையும் நிறுத்தினார்கள். சாலை வழியாக வண்டியில் ஆவுலிக்குப் போய் நந்தா தேவி சிகரத்தைப் பார்க்கலாம், நேரம் மிஞ்சினால் மட்டும். பூக்களின் பள்ளத்தாக்கையும் இந்த முறை விட்டுவிடுங்கள். கங்கரியா என்கிற ஊர் வரை நடந்து ஏறித் தங்க வேண்டும், பூ உச்சத்தில் இருப்பதும் ஜூலை, ஆகஸ்டில்தான்.

ராஃப்டிங்கை ஏன் கடைசியில் வைக்கச் சொல்கிறேன் என்றால், ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், மழைக்காலம் ஓய்கிற நேரத்தில்கூட மண் சரிந்து அரை நாள், ஒரு நாள் நிற்க வேண்டி வரலாம், இரவில் மலைப்பாதையில் வண்டி விடமாட்டார்கள். ரிஷிகேஷ் நாளைக் கடைசியில் வைத்தால் தாமதம் அதைத்தான் விழுங்கும், தரிசனத்தைத் தொடாது. சிவபுரியிலிருந்து ரிஷிகேஷ் வரை 16 கிலோமீட்டர் போதும். 14 வயது முடிந்தவர்களைத்தான் ஏற்றுவார்கள், பையனின் ஆதார் கையில் இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை நீங்களே இழுத்துப் பாருங்கள், ஹெல்மெட் தளர்வாக இருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். அந்த நேரத்தில் அப்பாவை சிவானந்தர் ஆசிரமத்தில் விடலாம், அவர் நம் பத்தமடையில் பிறந்தவர்.

வழியில் தேவப்பிரயாகையில் ஒரு மணி நேரமாவது இறங்குங்கள். அலக்நந்தாவும் பாகீரதியும் இரண்டு நிறமாக வந்து சேர்ந்து கங்கையாவதைப் படித்துறையில் நின்றே பார்க்கலாம், ஆழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் அதுதான். இழுப்பு பயங்கரம், சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் முழுக வேண்டும்.

டிக்கெட்டுக்கு, சேலம் ஜங்ஷன் வழியாகப் போகும் கேரளா எக்ஸ்பிரஸில் டெல்லி, அங்கிருந்து ஹரித்துவார். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், திறந்த அன்றே போட்டுவிடுங்கள். பத்ரிநாத் உள்ளிட்ட நான்கு தலங்களுக்கான சார்தாம் யாத்திரைப் பதிவை உத்தரகண்ட் அரசின் தளத்தில் எல்லோருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.