கணுக்கால் சுளுக்கு: வீக்கம் வடிந்த பிறகும் கால் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: ஷட்டில் விளையாடும்போது வலது பாதம் உள்பக்கமாக மடங்கி ஐந்து வாரங்கள் ஆகின்றன. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, வீக்கமும் வடிந்துவிட்டது. ஆயினும் படி இறங்கும்போது கால் மறுபடி பிசகிவிடுமோ என்று இருக்கிறது. சுளுக்கு வழித்துக்கொள்ளலாமா? எப்போது விளையாடலாம்?

பதில்: எக்ஸ்ரே காட்டுவது எலும்பை மட்டுமே. பாதம் உள்பக்கமாக மடங்கும்போது பெரும்பாலும் காயப்படுவது, வெளிக் கணுவின் முன்பகுதியிலிருந்து பாதத்தின் மேலெலும்புக்குச் செல்லும் சிறிய தசைநார். வழக்கில் ஜவ்வு என்கிறோமே, அதுதான். தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். தசைநாரோ எலும்பை எலும்போடு பிணைத்து, மூட்டு தன் எல்லையைத் தாண்டிப் போகாமல் தடுக்கிறது. இரண்டும் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத இழைகளால் ஆனவை. தசையைப் போல மிகுதியான இரத்த ஓட்டம் இல்லாததால் மெதுவாகவே ஆறுகின்றன. காயத்தை மூடும் புதிய இழைகள் முதல் சில வாரங்களில் தாறுமாறாகப் படிந்திருக்கும். அவை இழுவிசையின் திசையில் ஒழுங்குபட்டு உறுதி பெறப் பல மாதங்கள் ஆகும்.

உங்கள் தடுமாற்றத்துக்கு இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை மூளைக்கு அறிவிக்கும் நரம்பு முனைகள் தசைநாரில் இருக்கின்றன. காயத்தில் அவையும் பாதிக்கப்படுவதால், கால் மடங்கத் தொடங்கும் கணத்தில் அதை வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டிய கெண்டைக்காலின் வெளிப்புறத் தசைகள் தாமதமாகவே இயங்குகின்றன. ஓய்வு மட்டும் இதைச் சரிசெய்யாது; காலின் சமநிலைக்கான பயிற்சியும் வேண்டும். மீண்டும் மீண்டும் பிசகும் கணுக்கால்களில் பலவற்றுக்கு இந்தப் பயிற்சி கிடைக்காமல் போனதே காரணம் என்பதால், இதை அழுத்திச் சொல்கிறேன்.

சுவரருகே நின்று, காயப்பட்ட காலில் மட்டும் 30 விநாடி நில்லுங்கள்; தினமும் சில முறை செய்யுங்கள். அது எளிதானதும் கண்களை மூடியும், பிறகு தலையணை மீதும் நின்று பழகலாம். ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கம் தள்ளும் பயிற்சியையும், ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்தும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலேசான இழுவை இருக்கலாம். மறுநாள் வீக்கம் வந்தால் அளவைக் குறையுங்கள். சுளுக்கு வழிப்பதில் முரட்டுத்தனமாகத் திருகி இழுத்தால், ஆறிவரும் இழைகள் மீண்டும் கிழியக்கூடும், வேண்டாம்.

நாள் கணக்கை வைத்து ஆட்டத்துக்குத் திரும்பாதீர்கள். ஒற்றைக் காலில் வலியின்றிக் குதிக்கவும், பக்கவாட்டில் ஓடிச் சட்டென நின்று திரும்பவும், இரு கால்களிலும் ஒரே அளவு முடிய வேண்டும். அதன் பிறகும் சில மாதங்களுக்குக் கணுக்கால் பட்டை அணிந்தே விளையாடுங்கள்.

ஆறு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் கால் நழுவினாலோ, மூட்டுக்குள் ஏதோ சிக்குவதுபோல் இருந்தாலோ, குருத்தெலும்பிலோ வெளிக் கணுவுக்குப் பின்னால் செல்லும் தசைநாணிலோ காயம் இருக்கிறதா என எலும்பு மூட்டு மருத்துவரிடம் எம்ஆர்ஐ மூலம் பார்த்துக்கொள்ளுங்கள்.