தலசீமியா உள்ள என் மகளுக்கு இரும்பை வெளியேற்றும் மருந்தை இப்போதே தொடங்க வேண்டுமா, தள்ளிப்போடலாமா?

நான்கு வயது மகளுக்கு இரண்டு ஆண்டுகளாக மாதந்தோறும் இரத்தம் ஏற்றுகிறீர்கள். உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவான ஃபெரிட்டின் 1,800-ஐத் தொட்டுவிட்டது. மருத்துவர் டெஃபெராசிராக்ஸ் மாத்திரை தொடங்கச் சொல்கிறார். குழந்தை ஓடியாடி நன்றாகத்தானே இருக்கிறாள், உணவில் இரும்பைக் குறைத்துக்கொண்டு இன்னும் சில ஆண்டுகள் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தள்ளிப்போடாதீர்கள். எனக்கும் தலசீமியா மேஜர்தான், அதாவது தொடர்ந்து இரத்தம் ஏற்ற வேண்டிய கடுமையான வகை. நினைவு தெரிந்த நாளிலிருந்து இரத்தம் ஏற்றிக்கொள்கிறேன், இரும்பை வெளியேற்றும் மருந்தும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு யூனிட் சிவப்பணுவில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நம் உடலிலிருந்து தானாக வெளியேறுவதோ நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம்தான். அதற்கு மேல் வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. குழந்தைக்கு ஏற்றும் அளவு குறைவு என்றாலும், அது தங்கும் உடலும் சிறியதுதானே. உணவுக் கட்டுப்பாட்டால் இந்தக் கணக்கை ஈடுகட்டவே முடியாது. வளரும் குழந்தையின் வயிற்றைக் காயப்போட வேண்டாம்.

சேரும் இரும்பு முதலில் கல்லீரலில் தங்கும். பிறகு இதயம், கணையம், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டு என்று பரவும். அப்படிச் சேரும்போது வலி இருக்காது, சோர்வுகூடத் தெரியாது. வளர்ச்சி குன்றுவது, பருவமடைவது தள்ளிப்போவது, சர்க்கரை நோய், இதயத் துடிப்புக் கோளாறு எல்லாம் பல ஆண்டுகள் கழித்து வருபவை. அதனால்தான் 10 முதல் 20 முறை இரத்தம் ஏற்றிய பிறகோ, ஃபெரிட்டின் 1,000-ஐத் தாண்டிய பிறகோ மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். உங்கள் மகள் இரண்டையும் தாண்டிவிட்டாள்.

என் சிறுவயதில் எனக்குக் கொடுத்தது டெஸ்ஃபெரால் என்று எல்லோரும் சொல்லும் டெஃபெராக்ஸமின். அதை வாய்வழியாகக் கொடுத்துப் பயனில்லை. இரத்தத்திலும் அது நெடுநேரம் நிற்காது. எனவே தோலுக்கடியில் ஊசியைச் செருகி, ஒரு சின்ன பம்ப் வழியாக 8 முதல் 12 மணி நேரம், வாரத்தில் ஐந்து இரவுகளாவது ஏற்ற வேண்டும். அம்மா மருந்துத் தூளில் நீரை விட்டு, குப்பியை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து மெதுவாக உருட்டிக் கரைப்பார். முந்தைய இரவு குத்திய இடம் தடித்துச் சிவந்திருக்கும்; அதை விட்டுத் தள்ளி வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து ஊசியைச் செருகி, பிளாஸ்திரி ஒட்டுவார். காலையில் சிறுநீர் செந்நிறமாகப் போகும். "பார், இரும்பு வெளியே போகிறது" என்பார். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் ஊசியோடு எனக்கு ஒருவித சமாதானம் ஏற்பட்டது. மாத்திரையில் அப்படிக் கண்ணால் காண ஒன்றும் இருக்காது. டெஃபெராசிராக்ஸ் இரும்பைப் பெரும்பாலும் மலத்தோடு வெளியேற்றுகிறது.

கரைத்துக் குடிக்கும் வகை மாத்திரை என்றால், டம்ளரின் அடியில் வெள்ளையாகப் படிந்து நிற்கும் வண்டலைக் கவனியுங்கள். அதுவும் மருந்துதான். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி அதையும் குடிக்க வைக்க வேண்டும். தொடக்கத்தில் லேசான வயிற்றுவலி, பேதி, தோலில் தடிப்பு வரலாம். நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார்கள். ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று குழந்தையின் உடலில் நீர் வற்றும் நாட்களில் மருந்தைக் கொடுக்காமல், உடனே மருத்துவரை அழைத்துக் கேளுங்கள். அந்த நிலையில் இது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். பிற்காலத்தில் இரும்பை வெளியேற்றும் இன்னொரு மருந்தான டெஃபெரிப்ரோனுக்கு மாற்றினால் எச்சரிக்கை வேறு. இதயத்தில் சேர்ந்த இரும்பை அகற்றுவதில் அது வலுவானது. ஆனால் சிலருக்கு வெள்ளையணுக்களை அபாயகரமாகக் குறைத்துவிடும். அந்த மருந்தில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

எந்த மருந்தானாலும் விடாமல் கொடுப்பதுதான் முக்கியம். மருந்து இரத்தத்தில் இல்லாத நேரத்தில், எந்தப் புரதத்தோடும் பிணையாத இரும்பு மீண்டும் தலைதூக்குகிறது. இதயத்துக்குள் நுழைந்து கெடுப்பது அதுதான். நான்கு நாள் விட்டுவிட்டு ஐந்தாம் நாள் இரட்டிப்பாகக் கொடுத்தால் அது ஈடாகாது, ஆபத்தும்கூட.

ஃபெரிட்டின் எண்ணைப் பார்த்து மாதாமாதம் மனம் உடைந்து போகாதீர்கள். சாதாரணக் காய்ச்சலுக்கே அது ஏறும். சில மாதங்களின் போக்கைத்தான் பார்க்க வேண்டும். அது குறைவாக இருந்தும் இதயத்தில் இரும்பு சேர்ந்திருப்பவர்கள் உண்டு. எனவே அசையாமல் படுத்திருக்கும் வயது வந்ததும், பெரும்பாலும் எட்டு முதல் பத்து வயதுக்குள், உறுப்புகளில் சேர்ந்த இரும்பை அளக்கும் டி2 ஸ்டார் எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இதயத்துக்கான அளவு 20 மில்லி நொடிக்கு மேல் இருந்தால் நிம்மதி. 10-க்குக் கீழே போனால் தீவிர சிகிச்சை தேவை. என் கோப்பில் நான் முதலில் புரட்டுவது அந்தத் தாளைத்தான்.

எங்களில் பலர் மருந்தைக் கைவிடுவது பதின்ம வயதில்தான். மற்றவர்களைப் போல இருக்க வேண்டும் என்ற ஏக்கம் அவ்வளவு பெரியது. ஆகையால் இப்போதே உங்கள் பக்கத்தில் நின்று அவளும் டம்ளரைக் கலக்கட்டும். எழுதப் படிக்கத் தெரிந்ததும் பரிசோதனை முடிவுகளை அவளுக்கும் காட்டுங்கள். "குடிக்காவிட்டால் ஊசி போட்டுவிடுவார்கள்" என்று மட்டும் மிரட்டாதீர்கள். இரத்தம் ஏற்றப் போகும்போதெல்லாம் அவள் கையில் ஊசி ஏறத்தான் போகிறது.

முதல் மாத்திரைக்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கல்லீரல் நொதிகள், சிறுநீரில் புரதம், கண், காது ஆகியவற்றைப் பரிசோதித்துவிட்டார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கிரியாட்டினினை இரண்டு முறை பார்த்துவிட்டுத் தொடங்குவதும், பிறகு மாதந்தோறும் பார்ப்பதும் வழக்கம். வைட்டமின் சி மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.